ஒரே பயனருக்கு இரண்டு கணக்கு: சமூக லாகினை இணைப்பது, பிரிப்பது, செஷனை முடிப்பது

வலைநிரலி

வணக்கம். நாங்கள் பராமரிக்கும் வலைச்செயலிக்குள் வர மூன்று வழிகள் உண்டு: மின்னஞ்சலும் கடவுச்சொல்லும், கூகுள், ஃபேஸ்புக். ஆப்பிளைச் சேர்க்கும் வேலை இப்போது நடக்கிறது.

பயனர்களிடமிருந்து திரும்பத் திரும்ப வரும் புகார், "என் பழைய தரவெல்லாம் காணோம்" என்பது. போய்ப் பார்த்தால், முதலில் கடவுச்சொல் போட்டுக் கணக்குத் தொடங்கியிருப்பார். பல மாதம் கழித்து வரும்போது எப்படிச் சேர்ந்தோம் என்பது மறந்து, கூகுள் பொத்தானை அழுத்தியிருப்பார். புதிதாக ஒரு கணக்குத் திறந்து உள்ளே வெறுமையாக இருக்கும்.

குழுவில் இரண்டு கருத்து ஓடுகிறது. மின்னஞ்சல் ஒன்றாக இருந்தால் எதுவும் கேட்காமல் ஒரே கணக்காக்கிவிடலாம் என்கிறார்கள் சிலர். அது ஆபத்து, பயனரே அமைப்புகள் பக்கத்துக்குப் போய் இணைத்துக்கொள்ளட்டும் என்கிறார்கள் மற்றவர்கள். ஆனால் அந்தப் பக்கத்தைத் தேடிப் போகிறவர் மிகக் குறைவு.

இன்னொரு சிக்கலும் உண்டு. ஒருவர் தன் கணக்கோடு இணைத்திருந்த ஃபேஸ்புக்கை நீக்கினார். ஆனால் அதே ஃபேஸ்புக் வழியாக வேறொரு கணினியில் திறந்திருந்த செஷன் (ஒருமுறை உள்ளே வந்தபின் வெளியேறும் வரை நீடிக்கும் அமர்வு) பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. இதைப் பிழை என்று எடுத்துக்கொள்வதா, இயல்பு என்று விடுவதா?

இப்போதைய அமைப்பு: யூசர்ஸ் டேபிளிலேயே கூகுள் ஐடி, ஃபேஸ்புக் ஐடி என்று தனித்தனிப் புலங்கள். செஷன்கள் ரெடிஸ் என்ற நினைவகத் தரவுக்கிடங்கில். கைபேசிச் செயலிக்கு மட்டும் ஜேடபிள்யூடி, அதாவது சர்வர் கையொப்பமிட்டுக் கொடுக்கும், காலாவதி எழுதிய டோக்கன்.

கதவுக்காவல்

கேட்காமல் இணைப்பதை முதலில் கைவிடுங்கள். இதில் எனக்கு அழுத்தமான கருத்து உண்டு, காரணத்தோடு சொல்கிறேன்.

உங்கள் தளத்தில் இன்னும் கணக்கே தொடங்காத ஒருவரின் மின்னஞ்சல் முகவரி ஒரு திருடனுக்குத் தெரியும் என்று வைத்துக்கொள்வோம். அவன் அந்த முகவரியில் தன் கடவுச்சொல்லைப் போட்டு இன்றே ஒரு கணக்குத் திறந்து வைக்கிறான். உறுதிப்படுத்தும் அஞ்சல் அவனுக்குப் போகாது, அதைப் பற்றி அவனுக்குக் கவலையும் இல்லை. சில மாதம் கழித்து உண்மையான ஆள் வந்து கூகுள் பொத்தானை அழுத்துகிறார். முகவரி ஒன்றுதானே என்று உங்கள் நிரல் இரண்டையும் இணைத்துவிடுகிறது. அந்த நொடியிலிருந்து ஒரே கணக்குக்குள் இரண்டு பேர். உண்மையான ஆளுக்கு எந்த அறிகுறியும் தெரியாது. அவர் சேர்க்கும் ஒவ்வொன்றையும் அவன் பழைய கடவுச்சொல்லைக் கொண்டே பார்த்துக்கொண்டிருப்பான்.

இதற்கு முன்கூட்டிக் கடத்தல் என்று பெயர். 2022இல் யூசெனிக்ஸ் பாதுகாப்பு மாநாட்டில் வந்த ஆய்வு 75 பிரபலமான சேவைகளைச் சோதித்து, குறைந்தது 35இல் இந்த வகைத் தாக்குதல் ஏதாவது ஒன்றுக்கு இடம் இருந்ததைக் காட்டியது. அதில் சொன்ன வகைகளில் இன்னும் இரண்டு உங்கள் கேள்விக்கு நேராகப் பொருந்தும். ஒன்று, திருடன் திறந்த செஷனைச் சாகவிடாமல் ஓட்டிக்கொண்டே இருப்பது. உண்மையான ஆள் "கடவுச்சொல் மறந்துவிட்டது" வழியாகப் புதிய கடவுச்சொல் வைத்த பிறகும் அந்த செஷன் உயிரோடு இருந்தால் கதை முடிந்தது. மற்றொன்று, திருடன் அந்தக் கணக்கோடு தன்னுடைய சொந்த சமூகக் கணக்கை இணைத்து வைப்பது. கடவுச்சொல்லை எத்தனை முறை மாற்றினாலும் அவன் அந்தப் பின்வாசல் வழியாக வந்துகொண்டே இருப்பான்.

ஆக உங்கள் இரண்டு கேள்வியும் ஒரே கேள்விதான். எந்தச் சாவி யாருடையது, எந்த செஷன் எந்தச் சாவியால் திறந்தது என்பது டேட்டாபேஸில் இருக்கிறதா? நீங்கள் சொன்ன அமைப்பில் இரண்டாவது தகவல் இல்லை. அதனால்தான் ஃபேஸ்புக்கை நீக்கிய பிறகும் அந்த செஷன் ஓடியது. அதைப் பிழை என்றே எடுத்துக்கொள்ளுங்கள்.

விரைவுப்பாதை

நான் கொஞ்சம் எதிர்த்துப் பேசுகிறேன். கூகுள் அனுப்பும் ஐடி டோக்கனில் (வந்தவர் யார் என்று சொல்லும் கையொப்பமிட்ட சான்றில்) "மின்னஞ்சல் சரிபார்க்கப்பட்டது" என்ற கொடி இருக்கிறது. எங்கள் பக்கமும் மின்னஞ்சலைச் சரிபார்த்திருக்கிறோம். இரண்டு பக்கமும் சரிபார்த்த பிறகும் பயனரை நிறுத்திக் கேள்வி கேட்பது தேவையற்ற தொல்லை. பாதிப் பேர் அங்கேயே விட்டுப் போய்விடுவார்கள்.

கதவுக்காவல்

உங்கள் வாதத்தில் நியாயம் இருக்கிறது. அந்தக் கொடிக்கு உண்மையில் என்ன பொருள் என்பதைப் பொறுத்தது.

ஒரு காலத்தில் சரிபார்த்தார்கள் என்று மட்டுமே அது சொல்லும். இன்றும் அந்த முகவரி அவர் கையில்தான் இருக்கிறது என்று சொல்லாது. கூகுளின் ஆவணமே இதைப் பிரித்துச் சொல்கிறது: முகவரி ஜிமெயிலில் முடிந்தால் கூகுளின் பேச்சை நம்பலாம். கொடி உண்மையாக இருந்து, கூடவே நிறுவனக் கணக்கைக் குறிக்கும் 'எச்டி' என்ற புலமும் இருந்தால் நம்பலாம். வேறு ஏதோ ஒரு அஞ்சல் சேவையின் முகவரியை வைத்துக் கூகுள் கணக்குத் திறந்தவர் என்றால், அந்த முகவரி பிற்பாடு கைமாறியிருக்க வாய்ப்பு உண்டு.

மற்ற வழங்குநர்களிடம், அதாவது கூகுள் போல லாகின் சேவை தருபவர்களிடம், நிலை இன்னும் தளர்வு. 2023 ஜூனில் 'என்ஓஆத்' என்ற பெயரில் வெளிவந்த குறையைப் பாருங்கள். அப்போது அஸூர் ஏடி என்று அழைக்கப்பட்ட, மைக்ரோசாஃப்டின் நிறுவன லாகின் சேவையில், ஒரு நிறுவனத்தின் நிர்வாகி தன் பயனர் கணக்கின் மின்னஞ்சல் புலத்தில் யாருடைய முகவரியை வேண்டுமானாலும் எழுதிவிட முடிந்தது, சரிபார்ப்பே இருக்கவில்லை. அந்தப் புலத்தை நம்பி ஆளை அடையாளம் கண்ட செயலிகளில், பிறர் கணக்குக்குள் நேராக நுழைய முடிந்தது. வழங்குநர் பெரியவர் என்பதால் அவர் அனுப்பும் எல்லாப் புலமும் ஒரே அளவு நம்பத்தக்கது என்று எடுத்துக்கொள்ளக் கூடாது.

ஐடி டோக்கனுக்கான ஓப்பன் ஐடி கனெக்ட் வரையறை 2014இல் வந்தபோதே இதைத் தெளிவாக எழுதிவிட்டது. ஒருவரை நிலையாக அடையாளம் காண 'ஐஎஸ்எஸ்', 'சப்' என்ற இரண்டும் சேர்ந்த ஜோடி மட்டுமே உண்டு. யார் டோக்கன் கொடுத்தது என்பது முதலாவது, அவர்களிடம் அந்த ஆளின் மாறாத எண் இரண்டாவது. மின்னஞ்சல், தொலைபேசி எண், பெயர் எதையும் அடையாளமாக வைக்கக் கூடாது.

எங்கள் வழக்கம் இது: ஜிமெயில் போல வழங்குநரே அந்த முகவரிக்குச் சொந்தக்காரராக இருந்து, உள்ளூர்க் கணக்கும் சரிபார்க்கப்பட்டு, அதில் இரண்டாம் படிச் சரிபார்ப்பு போடப்படாமல் இருந்தால் மட்டும் தானாக இணைப்பதைப் பற்றி யோசிக்கலாம். இணைத்தவுடன் பயனருக்கு அஞ்சல் போக வேண்டும். ஆனாலும் ஒரே ஒரு திரையில் கேட்டுவிடுவதே எனக்குப் பிடித்த வழி.

அட்டவணை

டேபிள் அமைப்பைப் பற்றி நான் சொல்கிறேன், வேர் அங்கேதான் இருக்கிறது.

யூசர்ஸ் டேபிளில் கூகுள் ஐடி, ஃபேஸ்புக் ஐடி என்று புலம் சேர்த்துக்கொண்டே போனால், ஒவ்வொரு புதிய வழங்குநருக்கும் டேபிளைத் திருத்த வேண்டும். ஒருவருக்கு இரண்டு கூகுள் கணக்கு இருந்தால் அதற்கு இடம் இல்லை. எப்போது இணைத்தார், கடைசியாக எப்போது அது வழியாக வந்தார் என்பதையும் எழுத முடியாது.

மூன்றாகப் பிரியுங்கள். யூசர்ஸ் டேபிளில் ஆள் மட்டும்: உங்கள் சொந்த ஐடி, பெயர், தொடர்புக்கான மின்னஞ்சல். அதில் கடவுச்சொல்கூட இருக்க வேண்டாம். அடுத்தது அடையாளங்கள் டேபிள்: யூசர் ஐடி, வழங்குநர், ஐஎஸ்எஸ், சப், இணைத்த நேரம், கடைசிப் பயன்பாடு. ஐஎஸ்எஸ்ஸும் சப்பும் சேர்ந்து யூனிக். கடவுச்சொல்லும் இங்கே ஒரு பதிவாக வந்துவிட்டால் பின்னால் கணக்கெடுப்பது எளிது. மூன்றாவது செஷன்கள் டேபிள்: யூசர் ஐடி, அடையாள ஐடி, தொடங்கிய நேரம், கடைசியாகத் தன்னை நிரூபித்த நேரம், கடைசி அசைவு, காலாவதி. அந்த அடையாள ஐடிதான் கதவுக்காவல் சொன்ன விடுபட்ட தகவல்.

சப்பை எழுத்துவரிசையாகவே சேமியுங்கள். கூகுளின் சப் எண் போலத் தெரிவதால் எண்ணாக மாற்றிவிடத் தோன்றும், செய்ய வேண்டாம். 255 எழுத்து வரை வரலாம், பெரிய எழுத்து சிறிய எழுத்து வேறுபாடும் உண்டு. உங்கள் டேட்டாபேஸ் அந்த வேறுபாட்டைப் பார்க்காமல் ஒப்பிடும் வகை என்றால் அந்தப் புலத்துக்கு மட்டும் மாற்றி வையுங்கள்.

ஃபேஸ்புக் ஐடி விஷயத்திலும் கவனம். 2014இல் செயலிகள் ஃபேஸ்புக் தரவை எடுக்கும் இடைமுகமான கிராஃப் ஏபிஐயின் இரண்டாம் பதிப்பு வந்ததிலிருந்து, ஒரே ஆளுக்கு ஒவ்வொரு செயலியிலும் வேறு வேறு ஐடிதான் கிடைக்கும். சோதனைக்கு ஒரு செயலிப் பதிவும் நேரடிக்கு இன்னொன்றும் வைத்திருந்தால், இரண்டின் ஐடியும் ஒத்துப்போகாது. ஆப்பிளின் சப் உங்கள் டெவலப்பர் குழுவுக்கு மட்டும் உரியது. செயலி பின்னால் வேறு குழுவுக்குக் கைமாறினால் எல்லாருடைய சப்பும் மாறும். பழையதைப் புதியதோடு பொருத்த ஆப்பிள் தரும் அவகாசம் 60 நாள்.

சோதனையாளர்

ஆப்பிளைச் சேர்க்கிறீர்கள் என்றதும் எழுதத் தோன்றியது. சில இடங்களில் கால் இடறும்.

பெயரும் மின்னஞ்சலும் வேண்டும் என்று கேட்டால், ஆப்பிள் பதிலை உங்கள் சர்வருக்கு போஸ்ட் வடிவில்தான் (படிவத்தை நிரப்பி அனுப்புவது போல) அனுப்பும். வேறு தளத்திலிருந்து வரும் போஸ்ட் என்பதால், சேம்சைட் (வேறு தளத்திலிருந்து வரும் கோரிக்கையோடு குக்கி போகலாமா என்று சொல்லும் அமைப்பு) லேக்ஸ் என்று வைத்த குக்கி அதோடு வராது. ஸ்டேட் மதிப்பை (போகும்போது அனுப்பி, திரும்பும்போது ஒப்பிடும் தற்செயல் குறியீட்டை) அந்த செஷன் குக்கியோடு கட்டி வைத்திருந்தால், ஆப்பிளிலிருந்து திரும்பும்போது "ஸ்டேட் பொருந்தவில்லை" என்ற பிழை வரும்.

இது சோதனையில் ஒளிந்துகொள்ளும் பிழை, அதனால் விரித்துச் சொல்கிறேன். 2020இல் குரோம் 80 வந்ததிலிருந்து சேம்சைட் எழுதாத குக்கி லேக்ஸ் என்றே எடுத்துக்கொள்ளப்படுகிறது. ஆனால் அப்படி எதுவும் எழுதாமல் வைத்த குக்கி இரண்டு நிமிடத்துக்குள் புதியதாக இருந்தால், வேறு தள போஸ்டோடும் குரோம் அதை அனுப்பிவிடும். இடைக்காலச் சலுகையாக வந்த ஏற்பாடு அது. நாம் சோதிக்கும்போது கடகடவென்று பொத்தானை அழுத்திப் போய் வந்துவிடுவோம், வேலை செய்யும். உண்மையான பயனர் கடவுச்சொல்லைத் தேடி, கைபேசிக்கு வரும் எண்ணைப் பார்த்து அடித்து முடிப்பதற்குள் இரண்டு நிமிடம் தாண்டியிருக்கும், அவருக்கு மட்டும் உடையும். தீர்வு: செஷன் குக்கியை லேக்ஸிலேயே விடுங்கள். ஸ்டேட்டுக்கு மட்டும் தனியாக, சில நிமிடமே வாழும் ஒரு குக்கி, சேம்சைட் நன், செக்யூர், எச்டிடிபி ஒன்லி என்று வையுங்கள். பயன்படுத்தியதும் அழித்துவிடுங்கள்.

ஆப்பிள் பயனரின் பெயரை முதல் முறை மட்டும்தான் தரும். அந்த நேரத்தில் உங்கள் சர்வரில் ஏதாவது பிழை வந்து சேமிக்காமல் விட்டால் அடுத்த முறை வராது. அவர் தன் ஆப்பிள் அமைப்புக்குப் போய் உங்கள் செயலியை நீக்கிவிட்டு மறுபடி வந்தால்தான் உண்டு.

அப்புறம் மின்னஞ்சலை மறைக்கும் வசதி. பயனர் அதைத் தேர்ந்தெடுத்தால் உங்களுக்கு ஆப்பிளின் இடைமாற்று முகவரிதான் கிடைக்கும். அதே ஆள் முன்பு ஜிமெயிலில் திறந்த கணக்கோடு இது ஒருநாளும் பொருந்தாது. மின்னஞ்சலை வைத்து இணைக்கும் திட்டம் இங்கே முழுவதுமாகத் தோற்றுப்போகும். பாதுகாப்பு வாதத்தை ஒதுக்கி வைத்தாலும், இரட்டைக் கணக்குப் பிரச்சினையை அது தீர்க்காது. ஃபேஸ்புக்கிலும் மின்னஞ்சல் வராமலே போகலாம். தொலைபேசி எண் மட்டும் கொடுத்துச் சேர்ந்தவர்கள் உண்டு, மின்னஞ்சலைப் பகிர மறுப்பவர்களும் உண்டு. மின்னஞ்சல் கட்டாயம் என்று உங்கள் டேபிளில் எழுதியிருந்தால் அங்கே நிரல் விழும்.

வலைநிரலி

மிக்க நன்றி. மறைத்த முகவரியை நாங்கள் யோசிக்கவே இல்லை. சரி, கேட்டு இணைப்பது என்று முடிவு. ஆனால் எங்கே, எப்படிக் கேட்பது? அமைப்புகள் பக்கம் என்றால் யாரும் போக மாட்டார்கள்.

கதவுக்காவல்

மோதல் நடக்கும் அந்த இடத்திலேயே கேளுங்கள்.

கூகுளிலிருந்து ஆள் வருகிறார், சப் உங்களிடம் இல்லை, ஆனால் அதே மின்னஞ்சலில் சரிபார்த்த கணக்கு ஒன்று இருக்கிறது. புதுக் கணக்கும் திறக்காதீர்கள், உள்ளேயும் விடாதீர்கள். "இந்த முகவரியில் ஏற்கெனவே உங்களுக்குக் கணக்கு இருக்கிறது. ஒருமுறை கடவுச்சொல் போட்டு உள்ளே வாருங்கள், கூகுளையும் இணைத்துவிடுகிறோம்" என்று ஒரு திரை. வந்த கூகுள் அடையாளத்தைச் சர்வர் பக்கத்திலேயே, பத்து நிமிடம் போல வாழும் பதிவாக வையுங்கள். முகவரிப் பட்டையில் எதுவும் போகக் கூடாது. அவர் பழைய வழியில் நிரூபித்ததும் அதே கையோடு இணைப்பு முடிந்துவிடும்.

கடவுச்சொல் மறந்திருந்தால் அஞ்சலுக்கு ஒருமுறை மட்டும் செல்லும் குறியீடு அனுப்புங்கள். அந்தக் கணக்கில் இரண்டாம் படி போட்டிருந்தால் அதையும் தாண்டித்தான் இணைக்க வேண்டும். இதைத் தவறவிட்டால், கூகுள் பொத்தான் இரண்டாம் படியைச் சுற்றிக்கொண்டு வரும் குறுக்குவழி ஆகிவிடும்.

உள்ளூர்க் கணக்கு சரிபார்க்கப்படாததாக இருந்தால் கதை வேறு. யார் திறந்தார் என்று யாருக்கும் தெரியாத கணக்கு அது. வழங்குநரின் சான்று வலுவாக இருந்தால், பழைய கணக்கின் கடவுச்சொல், அதோடு இணைந்த பிற அடையாளங்கள், ஓடும் செஷன்கள் எல்லாவற்றையும் அழித்துவிட்டுப் புதிதாகத் தொடங்குங்கள். அதற்கும் மேலாக, சரிபார்க்காத கணக்கைச் சில நாளில் தானாக அழித்துவிடுவது மிக நல்லது. முன்கூட்டிக் கடத்தலுக்கு இடமே இருக்காது.

ஸ்டேட் மதிப்பை ஒரு சடங்காக நினைக்க வேண்டாம், இணைப்பதில் அதுதான் உயிர்நாடி. திருடன் தன் கூகுள் கணக்கை வைத்து இணைக்கும் படியைத் தொடங்கி, உங்கள் தளத்துக்குத் திரும்பும் அந்தக் கடைசி முகவரியை மட்டும் திறக்காமல் எடுத்து வைத்துக்கொள்கிறான். லாகின் ஆகியிருக்கும் வேறொருவரை அதைத் திறக்க வைத்துவிட்டால், அவருடைய கணக்கோடு திருடனின் கூகுள் இணைந்துவிடும். அதன்பின் அவன் தன் கூகுளில் உள்ளே வரலாம். ஸ்டேட் அந்தக் குறிப்பிட்ட செஷனோடு கட்டப்பட்டிருந்தால் இது நடக்காது. "லாகினா, இணைப்பா" என்பதையும் தொடங்கும்போதே சர்வரில் எழுதி வையுங்கள். திரும்பி வரும்போது ஊகிக்க வேண்டாம். பிகேசிஇயும் (திரும்பி வரும் குறியீட்டை, தொடங்கியவர் மட்டுமே பயன்படுத்தும்படி கட்டும் முறை) சேர்க்க வேண்டும். 2025 ஜனவரியில் வந்த, ஓஆத் (இந்த வகை லாகினின் அடிப்படை நெறிமுறை) பாதுகாப்புக்கான ஆர்எஃப்சி 9700 என்ற வழிகாட்டி சர்வர் வைத்திருக்கும் செயலிகளுக்கும் அதைப் பரிந்துரைக்கிறது.

புதுக்கிளை

இடையில் ஒரு அடிப்படைக் கேள்வி, மன்னிக்கவும். கூகுள் தரும் டோக்கன் ஒரு மணி நேரத்தில் காலாவதி ஆகிறது. அப்படியானால் எங்கள் செஷனும் ஒரு மணி நேரத்தில் முடிய வேண்டுமா? நாங்கள் அந்த ஐடி டோக்கனையே ஒவ்வொரு கோரிக்கையிலும் அனுப்பிக்கொண்டிருக்கிறோம்.

அட்டவணை

மன்னிப்புக்கு அவசியமே இல்லை, பலரும் தடுமாறும் இடம் இது.

ஐடி டோக்கன் ஒரு செய்தி மட்டுமே: "இந்த நேரத்தில் இந்த ஆள் எங்களிடம் தன்னை நிரூபித்தார்." கையொப்பம், யாருக்காக வழங்கப்பட்டது, காலாவதி, நான்ஸ் (ஒருமுறை மட்டும் பயன்படும் மதிப்பு) எல்லாவற்றையும் அது வந்த நொடியில் சரிபார்த்துவிட்டு உங்கள் சொந்த செஷனைத் தொடங்குங்கள். அதோடு அதன் வேலை முடிந்தது. அதை செஷனாகப் பயன்படுத்தினால் உங்களால் அதை ரத்து செய்ய முடியாது, வெளியேறு பொத்தானுக்கும் பொருள் இருக்காது.

உங்கள் செஷனுக்கு எவ்வளவு ஆயுள் என்பது உங்கள் முடிவு. ஒரு அளவுகோல் வேண்டும் என்றால், அமெரிக்க அரசின் தர நிர்ணய நிறுவனமான என்ஐஎஸ்டி 2017இல் வெளியிட்ட வழிகாட்டுதல் சாதாரண நிலைக்கு 30 நாளுக்கு ஒருமுறையாவது மறுபடி நிரூபிக்கச் சொன்னது. அதற்கு அடுத்த நிலைக்கு 12 மணி நேரம், அல்லது 30 நிமிடம் அசைவில்லாமல் இருந்தால். "என்னை நினைவில் வை" என்று பத்து ஆண்டுக்குக் குக்கி வைத்தாலும் 2022 முதல் குரோம் 400 நாளோடு வெட்டிவிடும்.

கைபேசி_நிரலர்

வலைநிரலி, ஜேடபிள்யூடியைப் பற்றி யாரும் பேசவில்லை. ஃபேஸ்புக்கை நீக்கியதும் செஷனை முடிக்க ரெடிஸில் ஒரு பதிவை அழித்தால் போதும். ஆனால் கைபேசியில் இருக்கும் ஜேடபிள்யூடியை யாரும் போய் அழிக்க முடியாது. காலாவதி ஆகும் வரை அது செல்லும்.

அதனால் அணுகல் டோக்கனை (ஒவ்வொரு கோரிக்கையோடும் போகும் அந்த ஜேடபிள்யூடியை) 5 முதல் 15 நிமிடத்துக்குள் முடியும்படி வையுங்கள். அது காலாவதியானதும் புதியது வாங்க உதவும் புதுப்பிக்கும் டோக்கன், செஷன்கள் டேபிளில் உள்ள ஒரு பதிவைச் சுட்ட வேண்டும். கைபேசியும் பிரௌசரும் ஒரே டேபிளில் வந்துவிட்டால், "எல்லாச் சாதனத்திலிருந்தும் வெளியேறு" என்பது ஒரே வினவல். செஷன் ஐடியை ஜேடபிள்யூடிக்குள்ளும் வைத்துவிட்டால், பணம் மாற்றுவது, மின்னஞ்சலை மாற்றுவது போன்ற கனமான வேலைகளுக்கு மட்டும் டேபிளைப் பார்த்து உறுதிசெய்யலாம்.

புதுப்பிக்கும் டோக்கனை ஒவ்வொரு முறையும் மாற்றுங்கள். பழையது மறுபடி வந்தால் யாரோ திருடியிருக்கிறார் என்று கொண்டு அந்த செஷனையே முடித்துவிடுங்கள். இதில் ஒரு நடைமுறைச் சிக்கல் வரும். செயலி ஒரே நேரத்தில் இரண்டு கோரிக்கை அனுப்பி, இரண்டும் பழைய டோக்கனோடு புதுப்பிக்கப் போனால் ஒன்று திருட்டு என்று பிடிபட்டு, நல்ல பயனர் வெளியே தள்ளப்படுவார். செயலிக்குள் புதுப்பிப்பை ஒரே வரிசையில் நிறுத்துங்கள். சர்வரிலும் சில நொடி சலுகை கொடுங்கள். பதில் வரும் வழியில் இணைப்பு அறுந்துபோனால் புதிய டோக்கன் கைக்கு வந்திருக்காது, அதற்கும் அந்தச் சலுகை உதவும்.

விரைவுப்பாதை

கேட்டு இணைப்பதை நான் ஒப்புக்கொள்கிறேன், மறைத்த முகவரி வாதம் என்னை மாற்றிவிட்டது. ஆனால் செஷனில் அடையாள ஐடி எழுதுவது அவ்வளவு முக்கியமா? எதை நீக்கினாலும் எல்லா செஷனையும் முடித்துவிட்டால் போதாதா?

கதவுக்காவல்

சிறிய தளத்துக்கு அது போதும், தவறில்லை. ஆனால் ஒரு பெரிய வழங்குநரிடம் உடைப்பு நடந்த நாளை நினைத்துப் பாருங்கள். 2018 செப்டம்பரில் ஃபேஸ்புக்கின் "வியூ அஸ்" வசதியில் இருந்த குறையால் அணுகல் டோக்கன்கள் திருடுபோயின. முதலில் 5 கோடி கணக்கு என்றார்கள், பிறகு 3 கோடி என்று திருத்தினார்கள். முன்னெச்சரிக்கையாக 9 கோடி கணக்குகளின் டோக்கன்களை ரத்து செய்தார்கள். ஆனால் ஃபேஸ்புக் பொத்தானை வைத்திருந்த மற்ற தளங்கள் தங்கள் சொந்த செஷனை ஓட்டிக்கொண்டிருந்தன, அவற்றை ஃபேஸ்புக்கால் முடிக்க முடியாது. யார் பாதிக்கப்பட்டிருக்கலாம் என்று அந்தத் தளங்கள் கண்டறிந்து வெளியேற்ற ஒரு கருவி தருவதாக ஃபேஸ்புக்கே அறிவிக்க வேண்டியிருந்தது. வெளித் தளங்களுக்குள் திருடர்கள் நுழைந்ததற்குச் சான்று கிடைக்கவில்லை என்று பின்னர் சொன்னார்கள். ஆனால் அந்தச் சில நாள் ஒவ்வொரு தளத்தின் முன்னாலும் நின்ற கேள்வி: "நம்மிடம் இப்போது ஓடும் செஷன்களில் ஃபேஸ்புக் வழியாக வந்தவை எவை?" அடையாள ஐடி இருந்தால் ஒரு வினவலில் பதில். இல்லாவிட்டால் எல்லாரையும் வெளியேற்ற வேண்டும். இதைத்தான் நான் முதலிலிருந்து வலியுறுத்துகிறேன்.

எல்லாரையும் வெளியேற்றுவதும் சில சமயம் சரியான முடிவுதான். 2021 மார்ச் 8 அன்று கிட்ஹப் அதைச் செய்தது. ஒருவரின் செஷன் மிக அரிதாக இன்னொருவரின் பிரௌசருக்குப் போய்விடும் குறை கண்டுபிடிக்கப்பட்டது. பாதிப்பு ஒரு சதவீதத்தின் ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைவு என்று அவர்களே சொன்னாலும், எவை என்று சந்தேகத்துக்கு இடமின்றிப் பிரிக்க முடியாதபோது அத்தனையையும் முடித்தார்கள். அந்தப் பொத்தான் உங்களிடமும் இருக்க வேண்டும், அதைச் சோதித்தும் பார்த்திருக்க வேண்டும்.

நீக்குவதைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். ஒரு அடையாளத்தைச் சேர்க்கும்போதும் நீக்கும்போதும் பயனர் சற்று முன் தன்னை நிரூபித்திருக்க வேண்டும். நேற்றுத் திறந்து விட்டுப்போன பிரௌசரில் உட்கார்ந்த யாரோ ஒருவர் தன் கூகுளைச் சேர்த்துவிடக் கூடாது. கடைசி அடையாளத்தை நீக்க விடாதீர்கள். இதை டேட்டாபேஸ் பரிவர்த்தனைக்குள், பயனர் பதிவைப் பூட்டிவிட்டுச் சரிபாருங்கள். இரண்டு தாவலில் ஒரே நேரத்தில் இரண்டை நீக்கினால் ஆள் வெளியே மாட்டிக்கொள்வார். நீக்கியதும் அந்த அடையாள ஐடி கொண்ட செஷன்கள் அனைத்தையும் முடித்து, வழங்குநரின் டோக்கன் எதையாவது சேமித்திருந்தால் அதையும் அவர்களிடம் ரத்து செய்யுங்கள்.

மறுதிசையிலும் நடக்கும். பயனர் ஃபேஸ்புக் பக்கமோ ஆப்பிள் பக்கமோ போய் உங்கள் செயலியை நீக்கலாம். இருவரும் அதற்கு உங்கள் சர்வருக்குத் தகவல் அனுப்புவார்கள். கூகுளில் கணக்கு கடத்தப்பட்டாலோ செஷன்கள் ரத்தானாலோ அறிவிக்கும் ஏற்பாடு தனியாக உண்டு, பதிவு செய்துகொள்ள வேண்டும். இவற்றைக் கேட்டு வாங்கி அந்த அடையாளத்தின் செஷன்களை முடிப்பது ஒரு நாள் வேலை. பெரும்பாலான தளங்கள் செய்வதில்லை என்பது எனக்கு வருத்தம்.

சோதனையாளர்

ஆப் ஸ்டோரில் செயலி இருந்தால் இன்னொன்று. 2022 ஜூன் 30 முதல், கணக்குத் தொடங்க விடும் செயலி அதை உள்ளிருந்தே அழிக்கவும் விட வேண்டும். ஆப்பிள் வழியாக வந்தவர் அழித்தால் அவருடைய டோக்கனை ஆப்பிளிடம் ரத்து செய்ய வேண்டும். அதற்கு அவருடைய புதுப்பிக்கும் டோக்கன் உங்களிடம் இருக்க வேண்டும் என்பதால், முதல் நாளிலிருந்தே அதைக் குறியாக்கம் செய்து சேமித்து வையுங்கள்.

பொதுக் கணினியில் வெளியேறுகிறவர்களையும் மறக்க வேண்டாம். உங்கள் தளத்திலிருந்து வெளியேறினாலும் கூகுள் அந்த பிரௌசரில் திறந்தே இருக்கும். அடுத்து வருபவர் கூகுள் பொத்தானை அழுத்தினால் கேள்வியே இல்லாமல் முந்தையவரின் கணக்குக்குள் போய்விடலாம். கணக்கைத் தேர்ந்தெடுக்கச் சொல்லும் அளவுருவைச் சேர்த்தால் இந்தக் குழப்பம் குறையும். வெளியேறும் பக்கத்தில் "கூகுளிலிருந்து நீங்கள் இன்னும் வெளியேறவில்லை" என்று ஒரு வரி எழுதுவதும் நேர்மையான செயல்.

வலைநிரலி

எல்லாருக்கும் நன்றி. மூன்று டேபிளாகப் பிரிப்பது என்று குழுவில் ஒப்புக்கொண்டோம். கடைசியாக இரண்டு கேள்வி. ஏற்கெனவே இரண்டாகிப்போன கணக்குகளை என்ன செய்வது? இப்போது ரெடிஸில் ஓடும் செஷன்களில் அடையாள ஐடி இல்லையே, எல்லாரையும் வெளியேற்றாமல் மாற முடியுமா?

அட்டவணை

இரட்டைக் கணக்குகளை இரவோடு இரவாக நிரல் ஓட்டி இணைக்க வேண்டாம், இதுவரை பேசிய ஆபத்தெல்லாம் அங்கேயும் உண்டு. பயனர் இரண்டு பக்கமும் தன்னை நிரூபித்த பிறகு, எந்தக் கணக்கு நிலைக்க வேண்டும் என்று அவரே தேர்ந்தெடுக்கட்டும். வெறுமையான கணக்கு என்றால் எளிது, அடையாளத்தை மட்டும் நகர்த்திவிட்டு அதை மூடலாம். இரண்டிலும் தரவு இருந்தால் எது எதோடு சேரும் என்பது உங்கள் செயலியைப் பொறுத்தது. மூடிய கணக்கின் ஐடியை அழிக்காமல், "இது இப்போது அந்தக் கணக்கு" என்று சுட்டும் பதிவாக வைத்திருங்கள். பழைய இணைப்புகளும் தணிக்கைப் பதிவுகளும் உடையாது. இணைத்த பிறகு இரண்டு பக்க செஷன்களையும் முடித்துப் புதிதாக ஒன்று கொடுங்கள். செஷன் ஐடியையும் அப்போது மாற்றுங்கள். லாகினிலும் இரண்டாம் படியிலும் மாற்றுவது போலத்தான்.

மாறும் வேலைக்கு: முதலில் அடையாளங்கள் டேபிளை உருவாக்கிப் பழைய புலங்களிலிருந்து நிரப்புங்கள். சில நாள் இரண்டிலும் எழுதி, புதியதிலிருந்து மட்டும் படியுங்கள். எண்ணிக்கை ஒத்துப்போனதும் பழைய புலங்களை நீக்கலாம். ஃபேஸ்புக்குக்கு ஐடி டோக்கன் இல்லாமல் வெறும் ஓஆத் பயன்படுத்துகிறீர்கள் என்றால் ஐஎஸ்எஸ் வராது. அந்த இடத்தில் நீங்களே ஒரு நிலையான மதிப்பை எழுதிக்கொள்ளுங்கள்.

பழைய செஷன்களுக்கு அடையாள ஐடியை வெறுமையாக விடுங்கள். எந்த அடையாளத்தை நீக்கினாலும் அந்தப் பயனரின் வெறுமைச் செஷன்களையும் சேர்த்து முடித்துவிடும்படி விதி எழுதுங்கள், எந்த வழியில் வந்தது என்று தெரியாததை நம்ப வேண்டாம். யாரும் மொத்தமாக வெளியேற்றப்பட மாட்டார்கள். உங்கள் செஷனின் உச்ச ஆயுள் 30 நாள் என்றால் அது கழிந்ததும் வெறுமையான செஷன் ஒன்றுகூட மிஞ்சாது. அன்றைக்கு அந்தப் புலத்தைக் கட்டாயமாக்கிவிடுங்கள்.